'பசுமை முறையில் எடுத்த' நெட்டில் எக்ஸ்ட்ராக்ட்: எதைக் கேட்டு வாங்குவது?

கேள்வி: மூட்டு வலிக்கும் முடி கொட்டுவதற்கும் நல்லது என்றார்கள். இணையக் கடையில் நெட்டில் இலை எக்ஸ்ட்ராக்ட் மாத்திரை தேடினேன். ஒரு பாட்டில் 450 ரூபாய். அதே 60 மாத்திரை உள்ள இன்னொன்று 1,400 ரூபாய். அதில் 'இமயமலைக் காட்டு இலை, சுற்றுச்சூழலைக் கெடுக்காத முறையில் பிரித்தது, ரசாயனமே இல்லை' என்று இருக்கிறது. மூன்று மடங்கு கொடுக்கலாமா? (வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: நெட்டில் என்பது தொட்டால் அரிக்கும் ஒரு செடி. அதன் இலையிலிருந்து சத்தைப் பிரிக்க ஏதாவது ஒரு கரைப்பான் வேண்டும். தண்ணீரும் கரைப்பான்தான், பெட்ரோலியத்திலிருந்து வரும் ஹெக்சேனும் கரைப்பான்தான். எது என்று சொல்லாமல் 'கெடுக்காத முறை' என்று மட்டும் போட்டிருந்தால் அதற்குக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். விற்பவரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள்: எதில் ஊற வைத்து எடுத்தீர்கள்? இலையிலிருந்து எதை எடுத்தீர்கள்?

இரண்டாவதைப் பலரும் கேட்பதில்லை, அதுதான் முக்கியம். நெட்டில் இலையில் குளோரோஜெனிக் அமிலம், ரூட்டின் போன்ற பாலிஃபீனால்கள் என்ற தாவரச் சத்துகள் இருக்கின்றன. இவை தண்ணீரிலும் எத்தனால் என்ற ஆல்கஹாலிலும் நன்றாக இறங்கும். லூட்டின், பீட்டா கரோட்டின், குளோரோஃபில் என்ற நிறமிகள் எல்லாம் வேறு குணம். எண்ணெயில் கரையும், வெறும் தண்ணீரில் கரையாது.

விலை கூடிய பாட்டில்களில் அடிக்கடி காண்பது 'சூப்பர்கிரிட்டிக்கல் சிஓ2'. கரியமில வாயுவை 31 டிகிரி செல்சியஸுக்கு மேல், காற்றழுத்தத்தைப்போல் சுமார் 73 மடங்குக்கு மேல் வைத்தால் அது வாயுவும் திரவமும் அல்லாத ஒரு நிலைக்கு வந்து கரைப்பானாக வேலை செய்யும். வேலை முடிந்து அழுத்தத்தை விட்டால் பறந்துவிடும், மிச்சம் தங்காது. நல்ல முறைதான். ஆனால் அது கரோட்டின் போன்ற எண்ணெய்ப் பசைச் சத்தைத்தான் நன்றாக எடுக்கும். பாலிஃபீனால் வேண்டுமென்றால் கூடவே எத்தனால் சேர்த்திருக்க வேண்டும். 'சிஓ2 முறை, பாலிஃபீனால் நிறைந்தது' என்று எழுதியிருந்தால் எத்தனை சதவீதம், எந்தச் சோதனையில் என்று கேளுங்கள்.

என்னைக் கேட்டால், 'தண்ணீர், எத்தனால், அல்ட்ராசவுண்ட்' என்று வெளிப்படையாக எழுதியிருக்கும் பாட்டிலை எடுப்பேன். பழைய சாக்ஸ்லெட் முறையில் கரைப்பானை மணிக்கணக்கில் கொதிக்க விட வேண்டும். அல்ட்ராசவுண்டில், அதாவது காதுக்குக் கேட்காத ஒலி அலையில், நுண்ணிய குமிழ்கள் வெடித்து இலையின் செல் சுவரைக் கிழிப்பதால் பெரும்பாலும் நிமிடக்கணக்கில் வேலை முடிகிறது. சூடும் குறைவு, கரைப்பானும் குறைவாகவே போதும்.

அப்புறம் 'காட்டு இலை'. கரைப்பான் சுத்தமாக இருந்தும் இலை சுத்தமில்லை என்றால் பயனில்லை. நெட்டில் காட்டில் மட்டுமா முளைக்கிறது? நைட்ரஜன் மிகுந்த மண் அதற்குப் பிடிக்கும், அதனால் தொழுவ ஓரம், குப்பை மேடு, சாலை ஓரம் எங்கும் தழைக்கும். அந்த மண்ணில் காரீயமும் காட்மியமும் இருந்தால் இலைக்கும் வரும். ஆகவே அந்த பேட்ச்சுக்கான கன உலோகப் பரிசோதனை அறிக்கை இல்லாமல் வாங்காதீர்கள்.

உத்தராகண்டில் இதைக் கண்டாலி என்பார்கள், கீரையாகச் சமைப்பார்கள். அங்கே ஒரு வீட்டில் பார்த்தேன். அந்த அம்மா அடுப்பு இடுக்கியால் கொழுந்தைப் பிடித்து, அரிவாளால் நுனியை மட்டும் அரிந்தார். பூ விட்ட தண்டைத் தொடவில்லை, வேரையும் அசைக்கவில்லை. கொதிநீரில் போட்டதும் சுணை அடங்கி, தண்ணீர் கரும்பச்சையானது. செடி மறுபடி துளிர்க்கும்படி பறிப்பதும் பசுமை முறையில் சேர்த்திதான். அதை எந்த லேபிளிலும் நான் பார்த்ததில்லை.

லேபிளில் 'அர்டிகா டயோய்கா' என்ற தாவரப் பெயர் இருக்கிறதா பாருங்கள். நம் ஊர்ச் செந்தட்டியும் தொட்டால் அரிக்கும், ஆனால் அது ஆமணக்குக் குடும்பத்துச் செடி, வேறு சரக்கு.

சரி, வாங்கத்தான் வேண்டுமா? சிறு மூட்டு வலிக்கு நெட்டில் இலையை ஐரோப்பிய மருந்து முகமை ஏற்றிருப்பது நீண்ட காலப் பழக்கத்தை வைத்துத்தான், உறுதியான மருத்துவச் சோதனையை வைத்து அல்ல. முடிக்காக வாங்க வேண்டாம். முயன்று பார்க்க ஆசை என்றால், பரிசோதனை அறிக்கையுள்ள காய்ந்த இலையை 2 முதல் 4 கிராம் வரை ஒரு கோப்பைக் கொதிநீரில் பத்து நிமிடம் மூடி வையுங்கள். பாலிஃபீனால் இறங்கத் தண்ணீரே போதும்.

கேள்வி: அப்பா ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறார். அவருக்குக் கொடுக்கலாமா?

பதில்: டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். நெட்டில் இலையில் வைட்டமின் கே உண்டு, அது வார்ஃபரினின் வேலையைக் குறைக்கும். நீர் பிரியும் மாத்திரை எடுப்பவர்களும் கர்ப்பிணிகளும்கூட டாக்டரைக் கேட்க வேண்டும்.

கேள்வி: 'பசுமை' என்று எழுதிவிட்டு விவரம் தர மறுக்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் இதற்கென்றே வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. 'பசுமை', 'சுற்றுச்சூழலுக்கு உகந்தது' என்று பொதுவாகப் போட்டால் விளக்கமும் ஆதாரமும் தர வேண்டும். விற்பனைப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பில்லோடும் அவர்கள் அனுப்பிய பதிலோடும் சேர்த்து வைத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். பாட்டிலில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள், புகாரில் சேர்க்க உதவும்.