வாசகர் கேள்வி – பதில்: ஃபெஸ் நகருக்குக் கார் எதுவரை போகும்?

கேள்வி: நாங்கள் மூன்று தலைமுறையாகப் பாத்திரக்கடை வைத்திருக்கும் குடும்பம். பாரிஸில் வேலை பார்க்கும் மகன், மொராக்கோவின் ஃபெஸ் நகரைப் பார்க்க எங்களை அழைக்கிறான். அவன் நேரே ஃபெஸ் வந்துவிடுவான். நான், மனைவி, 78 வயதான என் தாயார் மூவரும் காசாபிளாங்காவில் இறங்கி, அங்கிருந்து தனிக் கார் அமர்த்திக்கொள்வதா, ரயிலில் போவதா? கார் என்றால் தங்கும் வீட்டு வாசலிலேயே இறக்கிவிடுவார்களா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: உங்கள் தாயாரை முன்னிட்டுத் தனிக் காரே நல்லது, ஆனால் அது வீட்டு வாசல் வரை வராது, பழைய நகரின் மதில் வாசலோடு நின்றுவிடும். ஃபெஸ் எல்பாலி எனப்படும் பழைய நகரம் 8ஆம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றியது. 1981இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அதன் சந்துகளில் எதிரே ஆள் வந்தால் தோளைத் திருப்பி வழிவிட வேண்டும் என்னும்போது, காருக்கு அங்கே என்ன வேலை? எரிவாயு உருளை முதல் பச்சைத்தோல் வரை எல்லாம் கழுதை மேலும் கோவேறு கழுதை மேலும்தான் போகின்றன. முதுகுக்குப் பின்னால் “பாலக்! பாலக்!” என்று குரல் கேட்டால், திரும்பிப் பார்க்காமல் சுவரோடு ஒட்டி நின்றுகொள்ளுங்கள். நம் ஊரில் “ஓரம், ஓரம்” என்பதுதான் அது.

காசாபிளாங்கா விமான நிலையத்திலிருந்து ஃபெஸ் ஏறத்தாழ 300 கிலோமீட்டர். ரபாத், மெக்னெஸ் வழியாக நல்ல நெடுஞ்சாலை இருக்கிறது. மூன்றரை மணி நேரத்துக்குக் குறையாது. ரயிலில் செலவு மிகக் குறைவுதான். ஆனால் விமான நிலையத்து ரயிலில் ஏறி, நகர நிலையத்தில் பெட்டிகளோடு வேறு ரயிலுக்கு மாறி, ஃபெஸ் நிலையத்தில் இறங்கி மறுபடியும் டாக்சி பிடிக்க வேண்டும். வளைகுடாவில் ஒரு முறை விமானம் மாறி வந்த களைப்போடு, 78 வயதில் இது வேண்டாம். நீங்களும் மனைவியும் மட்டும் பகலில் வந்து இறங்குவதானால், ரயிலில் போங்கள் என்றே எழுதியிருப்பேன்.

தனிக் காருக்குப் பேசிய தொகை வண்டிக்கா, ஆளுக்கா, சுங்கக் கட்டணம் அதில் அடக்கமா, விமானம் தாமதமானால் காத்திருப்பதற்குத் தனியாகக் கேட்பார்களா என்பவற்றை முன்கூட்டியே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அவற்றைவிட முக்கியமானது, கார் எந்த வாசலில் நிற்கும் என்பது. பழைய நகருக்கு வாசல்கள் பல. நான் போனபோது ஓட்டுநர் என்னைப் பாப் பூ ஜெலூத் என்ற நீல ஓடு பதித்த வாசலில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். விடுதிப் பையனோ கைவண்டியோடு ர்சீஃப் சதுக்கத்தில் காத்திருந்தான். இரண்டுக்கும் நடுவே மொத்தப் பழைய நகரமும் இறக்கமாகக் கிடக்கிறது. பெட்டியை உருட்டிக்கொண்டு வழி தேடிய அந்த ஒரு மணி நேரத்தில் நகரை நன்றாகத்தான் பார்த்தேன். தாயாரோடு வரும் உங்களுக்கு அந்தப் பாக்கியம் வேண்டாம். ஆகவே ரியாத் எனப்படும் முற்றத்து வீட்டு விடுதிக்கு எழுதி, வாசலின் பெயர், அங்கிருந்து எத்தனை நிமிட நடை, எத்தனை படிகள், கைவண்டி ஆள் வருவாரா என்று கேட்டு, அந்தப் பதிலை அப்படியே ஓட்டுநருக்கு அனுப்பிவையுங்கள். வாசலுக்கு அருகிலேயே விடுதி எடுத்தால் இன்னும் நல்லது. ஊருக்குள் ஓடும் சிவப்பு நிறச் சிறு டாக்சியில் மூன்று பேருக்கு மேல் ஏற்றமாட்டார்கள். மகன் வந்து சேர்ந்தபின் நால்வருக்கும் இரண்டு டாக்சி பிடிக்க வேண்டியிருக்கும்.

கேள்வி: இபன் பதூதா மதுரைக்கு வந்தவர் என்று படித்திருக்கிறேன். ஃபெஸ் நகரில் அவரை நினைவுபடுத்தும் இடம் உண்டா?
– வாசகி, திருவையாறு

பதில்: மொராக்கோவின் டாஞ்சியரில் 1304இல் பிறந்த பயணி இபன் பதூதா 1340களில் நம் கடற்கரைக்கு வந்து, மதுரை சுல்தான் கியாசுத்தீனிடம் தங்கினார், இருவரும் அக்காள் தங்கையை மணந்தவர்கள், அதாவது சகலை. ஊர் திரும்பியபின் இபன் பதூதா சொல்லச் சொல்ல, அவருடைய பயண நூலை இபன் ஜுஸய் என்ற அறிஞர் எழுதி 1355இல் முடித்தது ஃபெஸ் நகரில்தான். எழுதச் செய்தவர் அப்போது மொராக்கோவை ஆண்ட மரீனிய வம்சத்துச் சுல்தான் அபு இனான். மதுரை சுல்தானின் கொடுமைகளைக் கண்ணால் கண்டவர் சொன்ன சாட்சியம் காவிரிக்கரையில் எழுதப்படாமல் அங்கே எழுதப்பட்டிருக்கிறது. அந்த அபு இனான் அதே ஆண்டுகளில் கட்டிய பூ இனானியா மதரசா, நீல வாசலிலிருந்து சில நிமிட நடையில் இருக்கிறது. தரையோரம் ஓட்டுச் சில்லுப் பதிப்பு, அதன்மேல் சுதைச் செதுக்கல், அதற்கும் மேல் தேவதாரு மரவேலை எனச் சுவர் உயர்ந்துகொண்டே போகும். முஸ்லிம் அல்லாதவர்களையும் உள்ளே விடுகிறார்கள்.

பாத்திமா அல்ஃபிஹ்ரி என்ற பெண்மணி 859இல் நிறுவியதாக மரபு கூறும் கரவிய்யீன் பள்ளிவாசலை, முஸ்லிம் அல்லாதவர்கள் வாசலில் நின்றுதான் பார்க்க முடியும். அதன் பக்கத்திலேயே ஸஃபாரீன் சதுக்கம் இருக்கிறது. கும்பகோணத்து வாசகர் தம் தாயாரை அங்கேதான் உட்கார வைக்க வேண்டும். கன்னார்கள் தரையில் அமர்ந்து, கல்யாணச் சமையலுக்கான செப்பு அண்டாவைக் கவிழ்த்துத் தட்டுவார்கள். ஒருவரின் சுத்தியல் நிற்கும்போது அடுத்தவருடையது தொடங்கும். கண்ணை மூடிக்கொண்டால் நாச்சியார்கோவில் பட்டறைத் தெரு என்றே நினைக்கத் தோன்றும்.

கேள்வி: சைவம் சாப்பிடுகிறவர்கள் அங்கே என்ன செய்வது?
– வாசகர், மன்னார்குடி

பதில்: பட்டினி கிடக்க வேண்டியதில்லை. கத்தரிக்காயும் தக்காளியும் மசித்த ஸாலூக், ரொட்டி, ஆலிவ் எல்லாம் எங்கும் கிடைக்கும். உலர்ந்த பெரிய அவரைப் பருப்பைக் குழைய வேகவைத்து, ஆலிவ் எண்ணெயும் சீரகமும் சேர்த்துத் தரும் பிஸாராவைக் காலையில் தெருக்கடையில் சூடாகக் குடிக்கலாம். குஸ்குஸ் எனப்படும் கோதுமை ரவை உணவை மட்டும் விசாரித்துவிட்டே உண்ண வேண்டும். மேலே காய்கறி மட்டும் இருந்தாலும் அது பெரும்பாலும் இறைச்சிக் குழம்பின் ஆவியில் வெந்ததாக இருக்கும். டிகிரி காபிக்கு ஏங்குகிறவர்கள் “நுஸ் நுஸ்” என்று கேளுங்கள். பாதி காபியும் பாதி பாலுமாகக் கண்ணாடித் தம்ளரில் வரும். டபராவை மட்டும் ஊரிலிருந்து கொண்டுபோக வேண்டும்.