பையர் ‘சியர்ஸ்’ போட்டால் நாமும் போடலாமா?

கேள்வி: ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். சொந்த ஊர் பேரணாம்பட்டு. எங்களிடம் சரக்கு வாங்கும் இங்கிலாந்து பையர் ஒருவர் மெயில் முடிவில் ‘சியர்ஸ்’ என்று போடுகிறார், வாட்ஸ்அப்பில் ‘டா’ என்கிறார். இரண்டும் நன்றிதான் என்றார்கள். நானும் அப்படி எழுதலாமா? எங்கள் மேனேஜர் எல்லா மெயிலையும் ‘தேங்க்கிங் யூ, யுவர்ஸ் ஃபெயித்ஃபுல்லி’ என்றே முடிக்கச் சொல்கிறார். வேலூரில் ஒரு சென்டரில் 5,000 ரூபாய் கட்டினால் இங்கிலீஷில் நன்றி சொல்ல நூறு வழி சொல்லித் தருவார்களாம். சேரலாமா?

பதில்: பணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கட்டாதீர்கள்.

அந்த நூறு வழி என்பது ஜெராக்ஸ் எடுத்து ஸ்பைரல் போட்ட ஒரு பட்டியலாகத்தான் இருக்கும். எதை இங்கிலாந்தில் சொல்வார்கள், எதை அமெரிக்காவில் சொல்வார்கள், எது நண்பர்களுக்குள் மட்டும், எது குத்தலாகச் சொல்வது என்று ஒரு வரி அதில் இருக்காது. அது தெரியாமல் நூறு வழி தெரிந்து என்ன பயன்? காட்பாடியிலிருந்து ராணிப்பேட்டை வரை இந்த போர்டுகள்தான். தோல் பதனிடும் ஷாப்பில் நாள் முழுக்க நின்று வேலை செய்கிறவர்கள் கடன் வாங்கிப் பிள்ளைகளுக்கு இதைக் கட்டுகிறார்கள். பார்க்க வயிறு எரிகிறது.

இப்போது சியர்ஸ். கிளாஸைத் தூக்கிக் குடிக்கும்போது சொல்வது என்றுதான் நமக்குத் தெரியும். இங்கிலாந்தில் அதுவே அன்றாட தேங்க்ஸ். கடையில் மீதிச் சில்லறை வாங்கும்போது சொல்வார்கள், யாராவது கதவைப் பிடித்துக்கொண்டு நின்றால் சொல்வார்கள், பஸ்ஸை விட்டு இறங்கும்போது டிரைவருக்கும் சொல்வார்கள். உங்கள் பையர் மெயிலில் அதைப் போடுகிறார் என்றால் உங்களோடு சகஜமாகிவிட்டார். அவர் தொடங்கிவிட்டதால் நீங்களும் போடலாம். புது பையருக்கு நீங்களாகத் தொடங்க வேண்டாம். ஷிப்மென்ட் தாமதம், ரிஜெக்‌ஷன், பேமெண்ட் பற்றிய மெயிலில் கண்டிப்பாக வேண்டாம். அமெரிக்க பையருக்கும் வேண்டாம், அங்கே அதைக் கேட்டால் முதலில் கிளாஸ்தான் ஞாபகம் வரும். ஜெர்மனி, இத்தாலிக்காரர்களுக்கு இங்கிலீஷ் நம்மைப் போலவே படித்துக் கற்ற மொழி. அவர்களுக்கு நேராக ‘தேங்க் யூ’ போதும்.

‘டா’ நம் ஊர் டா இல்லை, அதில் மரியாதைக் குறைவும் இல்லை. இங்கிலாந்தில் குழந்தை கையில் எதையாவது கொடுத்துச் சொல்லிப் பழக்குவது அது. பெரியவர்களும் வாய்ப்பேச்சில் சொல்வார்கள். அவர் சொல்லட்டும், நீங்கள் எழுத வேண்டாம்.

ஒரு விஷயத்தை மட்டும் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். இதில்தான் நம் பிள்ளைகள் அதிகம் மாட்டுகிறார்கள். ‘தேங்க்ஸ் எ பன்ச்’ என்று ஒன்று இருக்கிறது. பட்டியல் புத்தகத்தில் ‘மிக்க நன்றி’ என்று போட்டிருக்கும். உண்மையான நன்றியாகச் சொல்கிறவர்களும் உண்டு, ஆனால் பெரும்பாலும் அது கோபத்தில் வருவது. நம் ஊரில் ‘ரொம்ப நல்லா செஞ்சீங்க போங்க’ என்பார்களே, அந்தத் தொனி. என்னிடம் படித்த ஒரு பையன் வேலை பார்த்த கம்பெனியிலிருந்து கண்காட்சிக்கான சாம்பிள்கள் கூரியரில் தாமதமாகப் போய்ச் சேர்ந்தன. ‘தேங்க்ஸ் எ பன்ச், சாம்பிள்ஸ் அரைவ்டு ஆஃப்டர் தி ஷோ’ என்று பையர் எழுதினார். இவன் அன்போடு ‘யூ ஆர் வெல்கம்’ என்று பதில் போட்டுவிட்டான். மன்னிப்புக் கேட்க வேண்டிய இடத்தில் உபசாரம். அந்த பையரைச் சமாதானப்படுத்த முதலாளியே போனில் பேச வேண்டியதாகிவிட்டது. ‘தேங்க்ஸ் எ லாட்’, ‘தேங்க்ஸ் ஃபார் நத்திங்’ இரண்டிலும் இதே கவனம் வேண்டும். முதலாவது சாதாரண நன்றியாகவும் வரும், குத்தலாகவும் வரும். இரண்டாவது எப்போதும் குத்தல்தான். எப்படிக் கண்டுபிடிப்பது? அந்த வரிக்குப் பக்கத்தில் என்ன நடந்திருக்கிறது என்று பாருங்கள். சரக்கு சரியாகப் போயிருந்தால் நன்றி, சொதப்பியிருந்தால் திட்டு.

இதற்கு நேர்மாறாகவும் ஒன்று உண்டு. ஃபேக்டரி பார்க்க வந்த விருந்தாளிக்கு ஆற்காடு மக்கன் பேடா ஒரு டப்பா கொடுக்கிறீர்கள். அவர் ‘ஓ, யூ ஷுடன்ட் ஹாவ்’ என்கிறார். ஏன் கொடுத்தோமோ என்று முகம் வாடத் தேவையில்லை. ‘இதெல்லாம் எதுக்குங்க’ என்று சொல்லிக்கொண்டே நாம் கைநீட்டி வாங்குவோமே, அதேதான். சிரித்துக்கொண்டு ‘இட்ஸ் எ லோக்கல் ஸ்வீட்’ என்று சொல்லுங்கள்.

‘ஐ ஓ யூ ஒன்’ என்பது உடன் வேலை செய்பவர்களுக்குள் இருக்கட்டும். உங்களுக்குக் கடன்பட்டிருக்கிறேன் என்று பையருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, அடுத்த ஆர்டரில் அவர் விலையைக் குறைக்கச் சொன்னால் என்ன சொல்வீர்கள்?

உங்கள் மேனேஜரைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தது அதுதான். ‘தேங்க்கிங் யூ, ஐ ரிமெய்ன், யுவர்ஸ் ஃபெயித்ஃபுல்லி’ என்று அந்தக் காலத்துக் கடிதங்களில் ஒரே வாக்கியமாக ஓடும். நடுவிலிருந்தது உதிர்ந்துபோய், தலையும் வாலும் நம் பரீட்சைப் பேப்பரில் நின்றுவிட்டன. இடம், தேதி, தேங்க்கிங் யூ எல்லாம் சரியாக இருந்தால் மார்க். எதற்கு நன்றி சொல்கிறோம் என்று அந்தக் கடிதத்தில் ஒரு வரி இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. தலைமுறை தலைமுறையாக இப்படியே மனப்பாடம் செய்யவைத்துவிட்டு, பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் வரவில்லை என்கிறார்கள். ‘யுவர்ஸ் ஃபெயித்ஃபுல்லி’ பெயர் தெரியாத ‘டியர் சார்’ கடிதத்துக்கு உரியது. பெயர் சொல்லி எழுதும் பையருக்கு அது வேண்டாம்.

என்ன எழுதலாம்? செய்த உதவியைப் பெயர் சொல்லி எழுதுங்கள். ‘தேங்க்ஸ் ஃபார் அப்ரூவிங் தி சாம்பிள் சோ குயிக்லி.’ கீழே ‘கைண்ட் ரிகார்ட்ஸ்’, உங்கள் பெயர். உங்கள் இங்கிலாந்துக்காரருக்கு மட்டும் ‘கைண்ட் ரிகார்ட்ஸ்’ இடத்தில் ‘சியர்ஸ்’. மேனேஜரிடம் இரண்டு மாதிரியிலும் எழுதிக் காட்டுங்கள், சம்மதிப்பார்.

கடைசியாக ஒன்று, நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டும். ‘பையருக்குப் பிடித்த ஸ்டைலில் நானே மெயில் எழுதித் தருகிறேன்’ என்று சிலர் கம்பெனி கம்பெனியாக வருகிறார்கள். மெயில் பாஸ்வேர்டையும் கேட்பார்கள். கொடுக்கவே கொடுக்காதீர்கள். உங்கள் விலை, பையர் பெயர், பேமெண்ட் தேதி எல்லாம் அந்த மெயிலில்தான் இருக்கிறது. உங்கள் முகவரியிலிருந்தே ‘பேங்க் அக்கவுண்ட் மாறிவிட்டது’ என்று ஒரு மெயில் போனால், பையர் நம்பிப் பணத்தை வேறு எங்கோ அனுப்பிவிடுவார். இந்த மோசடி ஏற்றுமதி வியாபாரத்தில் உலகம் முழுக்க நடக்கிறது. யாரிடமாவது ஏற்கெனவே கொடுத்திருந்தால் இன்றைக்கே பாஸ்வேர்டை மாற்றுங்கள். அப்புறம் பையருக்கு போன் போட்டு, எங்கள் அக்கவுண்ட் மாறவில்லை, மாறினால் மெயிலில் மட்டும் சொல்ல மாட்டோம், போனிலும் சொல்வோம் என்று தெரிவித்துவிடுங்கள்.