வாசகர் கேள்வி – பதில்: நட்சத்திரங்கள் உருட்டிய பந்து

கேள்வி: ஹாலிவுட் நடிகர்கள் கனமான பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் 1970களின் தொலைக்காட்சிப் பதிவு ஒன்றைப் பார்த்தேன். அது என்ன நிகழ்ச்சி?

பதில்: ‘செலிப்ரிட்டி பௌலிங்’ என்ற அமெரிக்க நிகழ்ச்சியாகத்தான் இருக்க வேண்டும். (பௌலிங் என்றதும் நமக்குக் கிரிக்கெட் நினைவுக்கு வரும், இது ‘லேன்’ எனப்படும் நீண்ட, வழவழப்பான தளத்தில் பந்தை உருட்டிப் பத்து ‘பின்’களை, அதாவது கட்டைகளை, வீழ்த்தும் விளையாட்டு.) 1971 முதல் 1978 வரை ஒளிபரப்பான அதை ஜெட் ஆலன் என்ற நடிகர் தொகுத்து வழங்கினார். ஒரே தேசிய அலைவரிசைக்கு உரியதாக இல்லாமல், அந்தந்த ஊர் ஒளிபரப்பு நிலையங்களுக்குத் தனித்தனியே விற்கப்பட்டதால், ஓர் ஊரில் அது வந்த நாளும் நேரமும் இன்னோர் ஊருக்குப் பொருந்தாது. ஒவ்வொரு முறையும் பிரபலங்கள் நால்வர் இருவர் இருவராகப் பிரிந்து மோதுவார்கள்.

கேள்வி: அதில் ஓர் அணியின் இருவரும் பக்கத்துப் பக்கத்து லேன்களில் பந்து உருட்டுகிறார்கள், பிறகு ஒரு லேனை அப்படியே விட்டுவிடுகிறார்கள். இது என்ன விதி?

பதில்: நிகழ்ச்சியின் உயிரே அந்த விதிதான். அதற்கு ‘பெஸ்ட் பால்’ என்று பெயர். முதல் பந்தை இருவரும் ஆளுக்கொரு லேனில் உருட்டுவார்கள். யாரேனும் ஒருவர் பத்து பின்களையும் வீழ்த்திவிட்டால் அணிக்கே ஸ்ட்ரைக் கிடைத்துவிடும். இல்லையென்றால், எந்த லேனில் மிஞ்சிய பின்கள் தோதாக நிற்கின்றனவோ அதைத் தேர்ந்து, இரண்டாவது பந்தால் அவற்றைச் சாய்க்க முயல்வார்கள்.

இங்கேதான் சுவையான சிக்கல் வருகிறது. ஒருவர் எட்டுப் பின்களை வீழ்த்திவிட்டார், ஆனால் கடைசி வரிசையின் இரு மூலைகளிலும் உள்ள 7, 10 என்ற எண்ணுடைய பின்கள் இரண்டும் நிற்கின்றன; மற்றவர் ஏழு பின்களைத்தான் வீழ்த்தினார், ஆனால் மிஞ்சிய 3, 6, 10 மூன்றும் வலப்பக்கத்தில் சாய்கோடாக ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்குப்படி முதலாமவரே மேல் என்று தோன்றும். ஆனால் 7-க்கும் 10-க்கும் நடுவே மூன்றடி இடைவெளி, பந்தின் விட்டமோ எட்டரை அங்குலத்தை ஒட்டியதுதான். தொழில்முறை ஆட்டக்காரர்களே கைவிரிக்கும் ‘ஸ்பிளிட்’ (பின்கள் பிரிந்து நிற்கும் நிலை) அது. விவரம் தெரிந்த அணி இரண்டாவது லேனுக்குத்தான் நகரும். விவரம் தெரியாத நட்சத்திரம் எட்டைப் பிடித்துக்கொண்டு ஒன்பதோடு நின்றுவிடுவார்.

இந்த விதியில் இன்னொரு நன்மையும் உண்டு. ஐந்தில் ஒரு முறை மட்டுமே ஸ்ட்ரைக் அடிக்கக்கூடிய இருவர் சேர்ந்தால், இருவருமே தவறவிடும் வாய்ப்பு நூற்றுக்கு 64. ஆக, 36 விழுக்காட்டு முறை அணிக்கு ஸ்ட்ரைக் கிடைத்துவிடும். சுமாரான ஆட்டக்காரர்கள் மானம் போகாமல் திரையில் தோன்றுவதற்கு இதைவிடக் கச்சிதமான ஏற்பாடு இருக்க முடியாது என்பது என் எண்ணம்.

கேள்வி: ஸ்ட்ரைக் அடித்த பிறகும் அந்தச் சுற்றுக்குரிய கட்டத்தில் உடனே மதிப்பெண் எழுதாமல் காத்திருப்பது ஏன்?

பதில்: ஸ்ட்ரைக்குக்குப் பத்துடன் அடுத்த இரண்டு பந்துகளின் எண்ணிக்கையும், இரண்டு பந்துகளில் பத்தையும் வீழ்த்தும் ஸ்பேருக்குப் பத்துடன் அடுத்த ஒரு பந்தின் எண்ணிக்கையும் சேரும். முதல் கட்டத்தில் ஸ்ட்ரைக், அடுத்ததில் ஏழும் இரண்டும் என்றால், முதல் கட்டம் 19, இரண்டாவது முடிவில் மொத்தம் 28. தொடர்ந்து 12 ஸ்ட்ரைக் அடித்தால் உச்ச மதிப்பெண்ணான 300. பின்னால் வரும் பந்து முன்னால் போன பந்தின் மதிப்பை மாற்றிக்கொண்டே இருப்பதால்தான் பின்தங்கிய அணிக்கும் கடைசிவரை நம்பிக்கை அறுந்துபோவதில்லை.

கேள்வி: இத்தனை விளையாட்டுகள் இருக்க, பௌலிங்கைத் தேர்ந்ததற்குக் காரணம் என்ன?

பதில்: தொலைக்காட்சிக்கு அது ஏற்கெனவே பழகிய விளையாட்டு. 1950களில் சாய்ந்த பின்களை அடுக்கும் வேலையை ஆட்களிடமிருந்து தானியங்கி இயந்திரங்கள் எடுத்துக்கொண்டதும், அமெரிக்காவில் பௌலிங் பெருகியது. 1959 முதல் 1961 வரை என்.பி.சி. என்ற அமெரிக்கத் தேசிய அலைவரிசையில் வந்த ‘ஜாக்பாட் பௌலிங்’ நிகழ்ச்சியில் தொழில்முறை ஆட்டக்காரர்கள் அடுத்தடுத்து ஆறு ஸ்ட்ரைக் அடித்துப் பெரும்பரிசை வெல்ல முயன்றார்கள். அதைச் சில காலம் நடத்தியவர் நகைச்சுவை நடிகர் மில்டன் பெர்ல்.

படப்பிடிப்புக்கும் அது வசதியானது. எல்லைக் கோட்டிலிருந்து முதல் பின் வரை 60 அடிதான். பந்து எங்கே போகும் என்று ஒளிப்பதிவாளர் தேட வேண்டியதில்லை. எனக்குப் பிடித்தது வேறொன்று. பந்து கையைவிட்டுப் போன பிறகு இரண்டு மூன்று நொடிகள் ஆட்டக்காரரால் எதுவுமே செய்ய முடியாது. உடலை ஒருபுறம் சாய்ப்பார்; காலைத் தூக்குவார்; பந்தைத் திருப்பிவிட முடியும் என்பதுபோலக் காற்றில் கையை அசைப்பார். பெயர்பெற்ற நடிகர் நடிக்க மறந்துபோகும் அந்த நொடிகளுக்காகவே பழைய பதிவுகளை இன்றும் பார்க்கலாம்.

கேள்வி: வென்ற நட்சத்திரங்களுக்கு என்ன பரிசு கொடுத்தார்கள்?

பதில்: பரிசு அவர்களுக்கு அல்ல, அரங்கில் அமர்ந்திருந்த பார்வையாளர்களில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்கே. அணி எடுக்கும் மதிப்பெண் உயர உயரப் பரிசின் மதிப்பும் உயரும். ஆகவே, கடைசிப் பந்து ஓரத்துப் பள்ளத்தில் விழுந்தபோது நடிகர் சிரித்துச் சமாளித்துவிடலாம். நாற்காலி நுனியில் காத்திருந்தவருக்குத்தான் இழப்பு.