பி.ஏ. ஆங்கிலத்தில் படைப்பெழுத்து: சேர்வதற்கு முன் என்ன கேட்க வேண்டும்?

கேள்வி: நாங்கள் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் வசிக்கிறோம். மகள் தமிழ்வழியில் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். தமிழில் கதைகள் எழுதுவாள். பி.ஏ. ஆங்கிலத்தில் ‘கிரியேட்டிவ் ரைட்டிங்’ படித்தே தீருவேன் என்கிறாள். அப்படி ஒரு படிப்பு உண்டா? பிழைப்புக்கு உதவுமா? கடன் வாங்கியாவது வெளிநாட்டுக்கு அனுப்புங்கள் என்கிறார்கள் உறவினர்கள். அனுப்பலாமா?

பதில்: உண்டு. ஆனால் உங்கள் மகள் மனத்தில் வைத்திருக்கும் படிப்பும் கல்லூரியில் கிடைக்கப்போகும் படிப்பும் ஒன்றுதானா என்பதை முதலில் பார்த்துவிடுங்கள். நம் பக்கத்துக் கல்லூரிகளில் பி.ஏ. ஆங்கிலம் என்பது பெரும்பாலும் வாசிக்கும் படிப்பு. கவிதை, நாடகம், நாவல், விமர்சனம், மொழியியல் என்று போகும். படைப்பெழுத்து அதில் ஒரு தாள், மிஞ்சினால் இரண்டு. அந்தத் தாளும் தேர்வு என்று வரும்போது ‘உருவகம் என்றால் என்ன, சிறுகதையின் கூறுகள் யாவை’ என்று சுருங்கிவிடுவதுண்டு. தேர்வுக்கூடத்தில் உட்கார்ந்து நல்ல கதை எழுத முடியாது என்பது கேள்வித்தாள் தயாரிப்பவருக்கும் தெரியும். அதனால் வரையறையைக் கேட்டுவிட்டுப் போய்விடுகிறார்.

ஆகவே பாடத்திட்டத்தில் பெயர் இருக்கிறதா என்பது பெரிதில்லை. மாணவர் எழுதியதை வரிவரியாகப் படித்துத் திருப்பிக் கொடுக்கும் ஆசிரியர் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். இந்தப் பாடம் முறையாக நடக்கும் இடத்தில் வகுப்பில் பத்துப் பதினைந்து பேர்தான் இருப்பார்கள். ஒருவருடைய கதைப் பிரதி முன்கூட்டியே எல்லோர் கைக்கும் போய்விடும். மற்றவர்கள் அதைப் பற்றிப் பேசி முடிக்கும்வரை எழுதியவர் வாய் திறக்கக் கூடாது. ‘அப்பா மிகுந்த கவலையில் இருந்தார்’ என்று ஒரு வரி வந்தால், ஆசிரியர் அதன் கீழே கோடு போட்டு, அதை அந்த வீட்டில் யார், எதை வைத்துக் கண்டுபிடித்தார்கள் என்று கேட்பார். வேலந்தாவளம் சந்தையிலிருந்து விலைபோகாமல் திரும்பிய தக்காளிப் பெட்டிகளை அப்பா இறக்கக்கூட இல்லை, வண்டியிலேயே விட்டுவிட்டுக் குளிக்கப் போனார் என்று அடுத்த பிரதியில் வரும். ‘கவலை’ காணாமல் போயிருக்கும். எழுதியதை நாலு பேர் பிரித்துப் போடுவதைப் பொறுத்துக்கொண்டு மறுபடி எழுதுவதுதான் இந்தப் படிப்பு. பருவ முடிவில், திருத்திய படைப்புகளின் தொகுப்புக்கும் ஏன் அப்படித் திருத்தினேன் என்று விளக்கும் கட்டுரைக்கும் மதிப்பெண் போடுவார்கள்.

வெளிநாட்டுக் கடன் வேண்டாம் என்பதே என் கருத்து. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழக எழுத்தாளர் பட்டறை 1936இலும், பிரிட்டனின் ஈஸ்ட் ஆங்கிலியா பல்கலைக்கழகப் படிப்பு 1970இலும் தொடங்கின. இந்தத் துறையின் இரண்டு பெரிய பெயர்களுமே முதுகலையில் பிறந்தவை. இளங்கலையை இங்கே முடித்துவிட்டு, கையில் நல்ல தொகுப்போடு உதவித்தொகைக்கு முயலலாம். இந்தியாவிலேயே ஹரியானாவில் உள்ள அசோகா பல்கலைக்கழகத்தில் ஆங்கிலமும் படைப்பெழுத்தும் சேர்ந்த இளங்கலைப் பாடம் இருக்கிறது. கட்டணம் ஆண்டுக்குப் பல லட்சம். குடும்ப வருமானத்தைப் பார்த்து உதவி தருகிறார்கள் என்பதால் விண்ணப்பித்துப் பார்ப்பதில் நட்டமில்லை.

வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பதையும் குறைத்து மதிப்பிடாதீர்கள். கேரளத்தில் 2024 முதல் நான்காண்டு இளங்கலைத் திட்டம் நடப்பில் இருக்கிறது. மூன்றாம் ஆண்டு முடிவில் பட்டத்தோடு வெளியே வரலாம், நான்காவது ஆண்டும் படித்தால் ஆனர்ஸ். முதன்மைப் பாடத்தோடு வேறொரு துறையைத் துணைப்பாடமாகப் படிக்கவும் வழி இருக்கிறது. சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ்த்துறை உண்டு. ஆங்கிலத்துக்குத் துணையாகத் தமிழை எடுக்க முடியுமா என்று நேரில் கேளுங்கள். முடியும் என்றால் நான் அதையே முதலில் வைப்பேன். தமிழில் எழுத வருகிற பெண், பட்டத்துக்காக அதை மூட்டை கட்டி வைக்க வேண்டியதில்லை. தமிழ்வழியில் படித்தவளுக்கு முதல் ஆண்டு ஆங்கிலம் சிரமப்படுத்தும், அதை மறைக்கவில்லை. இந்த விடுமுறையிலேயே எளிய ஆங்கிலச் சிறுகதைகளைப் படிக்கத் தொடங்கட்டும்.

கூடுதலாக, இக்னோ எனப்படும் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் அஞ்சல்வழியில் ஆங்கிலப் படைப்பெழுத்து டிப்ளமோ நடத்துகிறது. பிளஸ் டூ தகுதி போதும், குறைந்தது ஓராண்டுப் படிப்பு. ஒரே நேரத்தில் இரண்டு படிப்புகள் படிக்க பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2022இல் அனுமதித்துவிட்டதால், பி.ஏ. படித்துக்கொண்டே இதையும் முடிக்கலாம்.

பிழைப்புக்கு வருகிறேன். விளம்பர வாசகம், பதிப்பகத்தில் பிரதி திருத்துவது, மொழிபெயர்ப்பு, படங்களுக்குத் துணைத்தலைப்பு (சப்டைட்டில்) என்று வேலைகள் உண்டு, தொடக்கச் சம்பளம் சுமார்தான். அரசுப் பள்ளி ஆசிரியர் வேலையும் மனத்தில் இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். கேரளத்தில் உயர்நிலைப் பள்ளி ஆங்கில ஆசிரியராக ஆங்கிலப் பட்டம், பி.எட்., கே-டெட் என்னும் கேரள ஆசிரியர் தகுதித் தேர்வு மூன்றும் வேண்டும். பட்டத்தின் பெயர் புதுவிதமாக இருந்தால் அது ஆங்கிலப் பட்டத்துக்குச் சமம் என்று காட்டும் இணைச் சான்றிதழுக்கு அலைய வேண்டி வரலாம். சான்றிதழில் ‘ஆங்கிலம்’ என்று தெளிவாக இருப்பது நல்லது. எழுத்தாளராக மட்டும் வேண்டுமென்றால் எந்தப் பட்டமும் கட்டாயமில்லை. சாகித்ய அகாதெமி விருது பெற்ற திருவனந்தபுரத்துத் தமிழ் எழுத்தாளர்களில் நீல பத்மநாபன் மின்வாரியப் பொறியாளர், ஆ. மாதவன் சாலைக் கடைத்தெருவில் கடை நடத்தியவர்.

உங்கள் பக்கத்துக் கல்லூரிகள் இணைந்துள்ள காலிகட் பல்கலைக்கழகத்தின் சேர்க்கை விண்ணப்பத்தில் கல்லூரிகளை வரிசைப்படுத்தும் முன் மகளோடு நேரில் போய் வாருங்கள். அங்கே படிக்கும் இரண்டாம் ஆண்டு மாணவர் யாரிடமாவது, சென்ற பருவத்தில் எழுதித் திரும்ப வந்த தாள் ஒன்றைக் காட்டச் சொல்லட்டும். அதில் மதிப்பெண்ணைத் தவிர வேறெதுவும் எழுதப்படவில்லை என்றால் அந்தக் கல்லூரியை வரிசையில் கீழே தள்ளிவிடுங்கள்.