குட்டிமேல் எப்போது ஏறலாம்? – வாசகர் கேள்வி பதில்

ஆடித் திருவிழா முடிந்தால் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களின் தன்மையே மாறிவிடும். அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்குச் சும்மா பார்க்கப் போனவர்கள்கூட ஆசைப்பட்டு ஒரு குதிரைக் குட்டியைப் பிடித்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள், இதை என்ன செய்வது என்ற யோசனை வீட்டுக்கு வந்த பிறகுதான் வருகிறது. இந்த முறை முழுக்க இளங்குதிரைகள்தான். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: சந்தையில் மார்வாரி இனத்து ஆண் குட்டி ஒன்று வாங்கினேன். "மூணு வயசு, நாளைக்கே ஏறி ஓட்டலாம்" என்றார் விற்றவர். ஊரில் கால்நடை மருத்துவர் பல்லைப் பார்த்துவிட்டு இரண்டு வயதுதான் இருக்கும் என்கிறார். என் எடை 78 கிலோ. எப்போது ஏறலாம்?
– வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: மருத்துவர் சொல்வதையே எடுத்துக்கொள்ளுங்கள், பல் பேரம் பேசாது. முன்பக்கப் பால் பற்களில் நடு ஜோடி ஏறக்குறைய இரண்டரை வயதில் விழுந்து பெரிய பல் முளைக்கும், அதற்குப் பக்கத்து ஜோடி மூன்றரையில், ஓரத்து ஜோடி நாலரையில். உங்கள் குட்டிக்கு முன்பல் எல்லாமே சின்னதாக, வெள்ளையாக, ஈறுக்குப் பக்கத்தில் இடுப்பு சிறுத்த மாதிரி இருந்தால் இன்னும் ஒரு பல்கூட மாறவில்லை என்று அர்த்தம்.

எலும்பு விஷயம் இதைவிட முக்கியம். கீழ்க்காலில் எலும்பு வளரும் முனைகள் ஒரு வயதுக்குள் மூடிவிடும், முன்னங்கால் முட்டிக்கு மேலே இருப்பது மூட இரண்டு, இரண்டரை வயதாகும். ஆனால் நீங்கள் உட்காரப்போகும் முதுகெலும்பு இருக்கிறதே, அதுதான் கடைசி; ஐந்து வயது தாண்டியும் அங்கே வளர்ச்சி முடிந்திருக்காது. அதற்காக ஐந்து வயதுவரை புல் போட்டு வேடிக்கை பார்க்கச் சொல்லவில்லை. மூன்று வயது முடிந்து நான்காவதில் லேசாக ஏறலாம், ஐந்தில் முழு வேலை.

ரேஸ் குதிரை இரண்டு வயதிலேயே ஓடுகிறதே என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள். ஓடுகிறது, ஐம்பது சொச்சம் கிலோ ஜாக்கியோடு, ஒன்று ஒன்றரை நிமிடம். இள எலும்புக்குக் கொஞ்ச நேரம் நேராக ஓடுவது நல்லதுதான், எலும்பு அதில்தான் கெட்டிப்படும். ஆனால் கனமான ஆள் அரை மணி நேரம் முதுகில் குந்தியிருப்பது வேறு விஷயம். வளர்ந்த குதிரைக்கே ஆளும் சேணமும் சேர்த்து அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குள் இருப்பது நல்லது. 350 கிலோ குதிரைக்கு அது 70 கிலோ. நீங்கள் சேணம் இல்லாமலே 78. குட்டி நன்றாக வளர்ந்து, நீங்களும் சேணமும் சேர்ந்த எடையைப்போல் ஐந்து மடங்குக்கு வரட்டும், அதுவரை முதல் சவாரிகளுக்கு வீட்டில் எடை குறைந்த, ஓட்டத் தெரிந்த ஆள் யாராவது இருந்தால் அவரை ஏற்றுங்கள்.

கேள்வி: மூன்று வயதுப் பெண் குதிரை. பழக்க வேண்டும் என்று ஆசை, ஆனால் தினமும் என்னதான் செய்வது என்று புரியவில்லை. வீடியோக்களில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.
– வாசகி, பொள்ளாச்சி

பதில்: பார்ப்பவருக்குக் கொட்டாவி வரும் அளவுக்குச் சாதாரணமான வேலை இது, அதனால்தான் வீடியோவில் வருவதில்லை. காலையில் வெயில் ஏறுவதற்கு முன் இருபது முப்பது நிமிடம், வாரத்தில் நான்கைந்து நாள், அவ்வளவு போதும். மிச்ச நேரம் லாயத்தில் கட்டிப்போடாமல் வேலி போட்ட இடத்தில் அவிழ்த்து விடுங்கள். இருபத்து மூன்று மணி நேரம் கட்டிக்கிடந்த குட்டி அந்த ஒரு மணி நேரத்தில் துள்ளினால் அதைத் திமிர் என்று சொல்லக்கூடாது.

முதலில் போய்ப் பிடிப்பதே பாடம். நேராக முகத்தை நோக்கிப் போகாமல் தோள் பக்கமாக நடந்து போய்க் கழுத்தைத் தடவி, ஹால்டரை (வாயில் இரும்பு இல்லாத தலைக்கயிறு) மாட்டி, சில நாள் மாட்டியவுடனே கழற்றிவிட்டுத் திரும்பி வாருங்கள். ஹால்டர் வந்தால் வேலை என்று அது முடிவுகட்டிவிடக் கூடாது. அப்புறம் பிரஷ் போடுவது, நான்கு காலையும் தூக்கிக் குளம்பைச் சுத்தம் செய்வது. காலைத் தூக்கும்போது பிடுங்கினால் அந்த நேரத்தில் விடாதீர்கள், ஒரு நொடி அமைதியாக நின்றதும் நீங்களே கீழே வையுங்கள். ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பு வெட்ட ஆள் வரும்போது இதன் அருமை தெரியும்.

அடுத்தது நடத்திக்கொண்டு போவது. நம் ஊரில் எல்லாமே குதிரையின் இடது பக்கமிருந்துதான் நடக்கும், வலது பக்கம் ஆள் வந்தால் பேயைப் பார்த்த மாதிரி மிரளும். இரண்டு பக்கமும் மாறி மாறி நடத்துங்கள். பத்தடி நட, நில், இரண்டு அடி பின்னால் போ, திரும்பு, மறுபடி நட. கயிற்றில் மெல்ல ஒரு அழுத்தம் கொடுங்கள், அது ஒரு அடி எடுத்து வைத்த அந்த நொடியிலேயே கயிறு தளர வேண்டும். குதிரை கற்றுக்கொள்வது இழுப்பதிலிருந்து அல்ல, விடுவதிலிருந்து. அது சரியாகச் செய்த பிறகும் நீங்கள் இழுத்துக்கொண்டே இருந்தால், சரியாகச் செய்து ஒரு பயனும் இல்லை என்பதைத்தான் அது கற்றுக்கொள்ளும். நிற்பதற்கு "ஹோ" என்றால் வீட்டில் எல்லோரும் "ஹோ"தான். நீங்கள் ஒன்று, உங்கள் கணவர் ஒன்று, லாயத்து ஆள் ஒன்று சொன்னால் பாவம் அது என்ன செய்யும்?

கட்டி நிற்கப் பழக்குவதையும் இதிலேயே சேருங்கள். அதன் முதுகு உயரத்துக்கு வளையம், வளையத்துக்கும் கயிற்றுக்கும் நடுவே அறுந்துபோகிற மாதிரி ஒரு சணல். பயந்து பின்னால் இழுக்கும்போது சணல் போகட்டும், கழுத்து போக வேண்டாம். ஐந்து நிமிடத்தில் ஆரம்பித்து மெல்ல நீட்டுங்கள்.

ஒரு நாள் எல்லாம் சரியாக வந்து பத்தே நிமிடத்தில் முடிந்துவிட்டால் அன்றைக்கு அதோடு நிறுத்துங்கள். "நல்லா வருதே, இன்னும் கொஞ்சம்" என்கிற அந்த ஆசைதான் பல குட்டிகளைக் கெடுத்திருக்கிறது.

கேள்வி: அண்ணா, எங்கள் ஆண் குட்டி கடிக்கிறது. கன்னத்தில் அடித்தால் அடங்கும் என்கிறார்கள். அடிக்கலாமா?
– கல்லூரி மாணவர், திண்டுக்கல்

பதில்: தம்பி, கையில் வெல்லமும் கேரட்டும் கொடுக்கிறீர்களா? முதலில் அதை நிறுத்துங்கள், தொட்டியில் போடுங்கள். முகத்தில் அடித்தால் கடிப்பது நிற்காது. கடித்துவிட்டுத் தலையை இழுத்துக்கொள்ளும் வேகம்தான் கூடும், கூடவே ஹால்டர் மாட்டக் கை தூக்கினாலே மிரளும். வாய் உங்கள் பக்கம் வந்தவுடன் கயிற்றை ஆட்டி இரண்டு மூன்று அடி பின்னால் அனுப்புங்கள், ஒவ்வொரு முறையும், கோபமில்லாமல். இனப்பெருக்கத்துக்கு வைக்கப்போவதில்லை என்றால் மருத்துவரைக் கொண்டு காயடிப்பதைப் பற்றியும் வீட்டில் பேசுங்கள். "ஆண்மை போய்விடும்" என்று நம் ஆட்கள் இதற்குத் தயங்குவார்கள். அதனால் கஷ்டப்படுவது, காயடிக்காததால் தனியாகக் கட்டிக்கிடக்கும் அந்தக் குதிரைதான்.

கேள்வி: ஏறுவதற்கு முன் ஒரு மணி நேரம் கயிற்றில் வட்டமாக ஓடவிட்டுக் களைப்பாக்கினால் துள்ளாது என்று எங்கள் பயிற்சியாளர் சொல்கிறார். தினமும் அப்படித்தான் செய்கிறோம்.
– வாசகர், கோவை

பதில்: ஒரு மாதத்தில் அதற்கு ஒன்றரை மணி நேரம் தேவைப்படும், ஏனென்றால் தினமும் ஒரு மணி நேரம் ஓடுகிற எதற்கும் தெம்பு கூடும். நடுவில் மூட்டுகள் போய்விடும், சின்ன வட்டத்தில் காலின் ஒரு பக்கத்துக்கே பாரம் போகிறது. கயிறு கட்டி ஓடவிடுவது தப்பில்லை, ஆனால் வட்டம் 20 மீட்டர் அகலமாவது இருக்கட்டும், மொத்தம் பத்துப் பதினைந்து நிமிடம், மூன்று நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றுங்கள். அதிலும் பாதி நடையாக இருக்கட்டும். குரலைக் கேட்டு நடப்பது, டிராட் என்கிற துள்ளுநடை போவது, நிற்பது என்று பழக்கவே இந்த வட்டம்.

கேள்வி: நாலு வயது ஆகப்போகிறது. தரையில் எல்லாம் கேட்கிறது. முதல் முறை ஏறுவது எப்படி? நாலு பேர் பிடித்துக்கொள்ள ஏறிவிடலாம் என்கிறார் அப்பா.
– வாசகர், உடுமலை

பதில்: நாலு பேர் வேண்டாம், உங்களைத் தவிர ஒரே ஒரு ஆள் போதும், அவர் அந்தக் குதிரைக்குத் தெரிந்தவராக இருக்கட்டும். ஏறும் நாளுக்குப் பல வாரங்கள் முன்பே இது ஆரம்பிக்க வேண்டும். முதலில் முதுகில் ஒரு துண்டு, அப்புறம் வயிற்றைச் சுற்றி ஒரு வார், அப்புறம் சேணம். வாரை ஒரே இழுப்பில் இறுக்காதீர்கள். ஒரு துளை இறுக்கி, நாலடி நடத்தி, அடுத்த துளை. வெடுக்கென்று இறுக்கப்பட்ட குட்டி காலம் முழுக்க வார் போடும்போது வயிற்றை உப்பிக்கொண்டு பல்லைக் காட்டும். சேணத்தோடு நடந்து, டிராட் போய், அங்கவடி விலாவில் இடித்தாலும் சட்டை செய்யாத நிலை வரட்டும்.

பிறகு ஒரு திண்ணையோ கெட்டியான முக்காலியோ போட்டு அதன்மேல் நின்று, முதுகைத் தட்டுங்கள், மேலே சாயுங்கள், இறங்குங்கள். உயரத்தில் ஓர் ஆள் தெரிவதே அதற்குப் புதிது. அடுத்த நாள் வயிற்றை வைத்துக் குறுக்கே படுத்து ஐந்தாறு அடி நடத்தச் சொல்லுங்கள். இதற்கெல்லாம் காதைத் தளர்த்திப் பெருமூச்சு விட்டால் காலைப் போட்டு மெல்ல உட்காரலாம், தொப்பென்று இல்லை. தலைக்கவசம் கட்டாயம், செருப்போடு ஏறக்கூடாது. குதிரையின் கழுத்தைச் சுற்றி ஒரு வார் கட்டி வையுங்கள். அது துள்ளினால் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும், கடிவாளத்தைப் பிடித்துத் தொங்கினால் முதல் நாளே அதன் வாய் புண்ணாகும்.

முதல் சில சவாரி ஐந்து, பத்து நிமிடம், நடை மட்டும், கூட வருபவர் கயிற்றைப் பிடித்திருக்கட்டும். தரையில் சொன்ன அதே சொற்களை மேலிருந்து சொல்லுங்கள், கூடவே காலால் லேசாகத் தொடுங்கள், கொஞ்ச நாளில் கால் தொட்டாலே புரிந்துகொள்ளும். இரண்டு மூன்று வாரம் நடைக்கே போகும், போகட்டும். ஆள் பாரத்தோடு தன் காலைச் சரியாக வைக்க அதற்கு அவகாசம் வேண்டாமா? டிராட் நேரான பாதையில் முதலில், கேன்டர் என்கிற மிதமான பாய்ச்சல் எல்லாவற்றுக்கும் கடைசி. மார்வாரியாக இருந்து ரேவால் என்கிற குலுங்காத வேகநடை தானாக வந்தால் அதை அடக்காதீர்கள், ஆனால் வேகமாக ரேவால் போக வேண்டும் என்று தலையைத் தூக்கிப் பிடித்து முதுகைக் குழியாக்கி ஓட்டவும் வேண்டாம்.

கேள்வி: முள் வைத்த கடிவாளம் போட்டால் தலையை நன்றாகத் தூக்கி ஆடுகிறது. தப்பா?
– வாசகர், ஈரோடு

பதில்: தப்பு, சட்டப்படியும் தப்பு. பாரம் இழுக்கும், சுமக்கும் விலங்குகளுக்கான 1965ஆம் ஆண்டு மத்திய விதிகளிலேயே, ஓட்டவோ அடக்கவோ முள்ளும் முண்டும் உள்ள கடிவாளத்துக்குத் தடை இருக்கிறது. அது தலையைத் தூக்குவது வலியில், நமக்குத்தான் கம்பீரமாகத் தெரிகிறது. நடுவில் மூட்டு உள்ள வழவழப்பான சாதாரணக் கடிவாளம் போடுங்கள். அதற்கும் தலையை ஆட்டினால் வாய்க்குள் பார்க்கச் சொல்லுங்கள். மூன்று, நான்கு வயதில் கடைவாய்ப் பற்களும் மாறிக்கொண்டிருக்கும், சில குதிரைகளுக்கு மேல்தாடையில் கடைவாய்க்கு முன்னால் குட்டியாக ஒரு பல் இருந்து கடிவாளம் இடிக்கும்.

கேள்வி: கோ–4 புல்லும் தவிடும் கொள்ளும் போடுகிறோம். நன்றாகச் சாப்பிடுகிறது, ஆனால் வேலை கொடுத்தால் ஒரு நாள் இந்தக் கால், ஒரு நாள் அந்தக் கால் என்று நொண்டுகிறது.
– வாசகர், தாராபுரம்

பதில்: பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள், நொண்டலுக்கு வேறு காரணங்களும் இருக்கலாம். ஆனால் இந்தத் தீனியே எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. கோ–4 நேப்பியர் வகை, அதில் ஆக்சலேட் அதிகம், சாப்பிடும் சுண்ணாம்புச் சத்தை அது பிடித்து வைத்துக்கொள்ளும். தவிட்டில் பாஸ்பரஸ் அதிகம், அதுவும் அதே வேலையைச் செய்யும். மாட்டுக்கு ஒத்துப்போகிற புல் குதிரைக்கு ஒத்துப்போகாமல் இருப்பது இதனால்தான். உடம்பு எலும்பிலிருந்து சுண்ணாம்பை எடுக்க ஆரம்பிக்கும், நொண்டும், முற்றினால் முகத்து எலும்பே வீங்கும். அருகம்புல்லுக்கு மாறுங்கள், கொஞ்சம் குதிரைமசால் சேருங்கள், தவிட்டை விடுங்கள். ஈரத்தைக் கழித்த உலர்ந்த கணக்கில், குதிரையின் எடையில் நூற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு தினமும் புல்லாகவே போக வேண்டும். கொள்ளு ஊறவைத்தோ வேகவைத்தோ, வேலைக்கு ஏற்ற அளவு.

கேள்வி: ரோட்டில் லாரி ஹாரன் அடித்தால் பாய்கிறது. தீபாவளிக்குள் பழக்கிவிட முடியுமா?
– வாசகர், சேலம்

பதில்: ஹாரனுக்குப் பழக்கலாம். சாலையிலிருந்து அது நிம்மதியாக மேயக்கூடிய தூரத்தில் நடத்திக்கொண்டு போய் நிறுத்துங்கள், வண்டிகளைப் பார்க்கட்டும். பயப்படாத ஒரு வயதான குதிரை பக்கத்தில் நின்றால் பாதி வேலை முடிந்தது. காதை விறைத்துத் தலையைத் தூக்கினால் அதற்கு மேல் நெருங்காமல் அங்கேயே நில்லுங்கள், தலை இறங்கியதும் திரும்பி வந்துவிடுங்கள். நாள் போகப் போகத் தூரம் குறையும். அது தரையில் பழகும் முன் சாலையில் ஏறி ஓட்டாதீர்கள், விழுந்தால் உங்களோடு போகாது, பின்னால் வரும் இருசக்கர வாகனக்காரரும் சேர்ந்து விழுவார். பட்டாசுக்கு இந்த இரண்டு மாதம் போதாது. அன்றைக்குக் கதவடைத்த லாயத்தில், நிறையப் புல்லோடு, துணைக்கு இன்னொரு குதிரையோ ஆடோ வைத்து விடுங்கள், கட்டிப்போட வேண்டாம். சவாரி மறு நாளும் வேண்டாம், மிச்சப் பட்டாசு பிள்ளைகள் கையில் இருக்கும்.