மே கடைசியில் வாய் திறக்காத வான்கோழிச் சேவல்

கேள்வி: பென்சில்வேனியாவில் வசிக்கிறேன். இந்த வருடம்தான் வேட்டை உரிமம் எடுத்தேன். சீசன் தொடங்கிய வாரத்தில் விடியும்போது காடே அதிரும்படி கூவிய வான்கோழிச் சேவல்கள், மே மூன்றாம் வாரமான இப்போது மரத்திலிருந்து இறங்கியதும் சத்தமே காட்டுவதில்லை. பெட்டைக் குரல் கொடுத்தாலும் வேறு பக்கம் நடையைக் கட்டுகின்றன. மீதி நாட்களில் வாய்ப்பு உண்டா?

பதில்: நிச்சயம் உண்டு. முதலில் நேரத்தை மாற்றுங்கள். விடியற்காலையில் கூடுதலாகத் தூங்கினாலும் தப்பில்லை. காலை ஒன்பது மணிக்கு மேல் காட்டில் இருங்கள்.

காரணம் பெட்டைகளிடம் இருக்கிறது. ஒரு பெட்டை கிட்டத்தட்ட நாளுக்கு ஒன்றாகப் பத்துப் பன்னிரண்டு முட்டைகள் இடும். கூடு தரையில்தான். முட்டையிடும் நாட்களில் அது விடியலில் சேவலோடு சுற்றிவிட்டு, அப்புறம்தான் கூட்டுக்குப் போகும். எல்லா முட்டையும் இட்டபின் சுமார் 28 நாள் அடையில் உட்கார்ந்துவிடும். இரை தேடக் கொஞ்ச நேரம் எழுந்தால் உண்டு. மே பின்பாதியில் பெரும்பாலான பெட்டைகள் அடையில்தான் இருக்கும். மிச்சமிருக்கும் ஒன்றிரண்டும் விடியலில் சேவல் அடையும் மரத்தடிக்கே வந்துவிடும். கூடவே பெட்டை இருக்கும்போது அந்தச் சேவல் எதற்காக உங்களைத் தேடி வரவேண்டும்? அவையும் கூட்டுக்குக் கிளம்பிய பிறகு அது தனியாகிறது. அந்த நேரத்தில் கேட்கும் ஒரே ஒரு கூவல், விடியலில் கேட்கும் பத்துக் கூவலைவிட எனக்குப் பெரிது.

சட்டமும் இப்போது உங்கள் பக்கம். உங்கள் மாநிலத்தில் சீசனின் முதல் பாதியில் மதியம் 12 மணியோடு வேட்டையை நிறுத்த வேண்டும். பிற்பாதியில் சூரியன் மறைந்து அரை மணி நேரம் வரை அனுமதி. இந்த வருடத் தேதிகளை விதிப் புத்தகத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கே உட்காருவது? மண் சாலைகளைப் பாருங்கள். சேவல் தோகை விரித்து நடந்த இடத்தில் கால்தடத்துக்கு இரு பக்கமும் இறக்கை நுனி உரசிய கோடுகள் ஓடும். எச்சத்தையும் கவனியுங்கள்: சேவலுடையது நீளமாக, நுனி மட்டும் தூண்டில் முள்போல வளைந்திருக்கும், பெட்டையுடையது சுருண்டு கிடக்கும். இரண்டும் புதிதாகத் தென்பட்டால் அதுதான் உங்கள் இடம். மழை விட்ட பிறகு என்றால் வயல் ஓரத்துக்குப் போங்கள். நனைந்த காட்டைவிட வெட்டவெளியை அவை விரும்பும்.

அடுத்தது குரல். மூன்று வாரமாக ஊரில் உள்ள எல்லா வேட்டைக்காரர்களின் பாக்ஸ் கால் (பெட்டைபோலக் குரல் எழுப்பும் மரப்பெட்டிக் கருவி) சத்தத்தையும் கேட்டு அந்தச் சேவல் உஷாராகிவிட்டது. மெதுவான ஒன்றிரண்டு ‘கிளக்’, ஒரு ‘பர்’ ஒலி போதும். எனக்கு அதைவிட நம்பிக்கை தருவது காய்ந்த சருகுதான். கையால் ஒரு கீறல், சின்ன இடைவெளி, வேகமாக இரண்டு கீறல், மறுபடி இடைவெளி. பெட்டை இரை கிளறும் தாளம் இதுதான். செய்துவிட்டுச் சும்மா இருங்கள். குறைந்தது ஒரு மணி நேரம் அசையக் கூடாது. இந்தப் பருவத்துச் சேவல் பெரும்பாலும் கூவாமலே வரும். சருகு நெரிபடும் சத்தமும், ‘த்ஸ்... ம்ம்ம்’ என்ற மெல்லிய முழக்கமும் கேட்டால் அது மிக அருகில் வந்துவிட்டது என்று அர்த்தம். இலை அடர்ந்துவிட்டதால் கூவல்கூட அடங்கியே கேட்கும். தூரத்தில் இருப்பதாக நினைக்கும் சேவல் நிஜத்தில் பக்கத்தில் இருக்கும். கேட்டதும் அங்கேயே உட்கார்ந்துவிடுவது நல்லது.

சேவலை ஈர்க்க நிறுத்திவைக்கும் வான்கோழிப் பொம்மைகளில், தோகை விரித்த ஆண் பொம்மையை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். ஒரு பெட்டை பொம்மை போதும். அதுவும் இல்லாவிட்டால் இன்னும் நல்லது.

சேவல் வரவில்லையே என்று பதுங்கிப் பதுங்கி அதன் பக்கம் போகவே போகாதீர்கள். பென்சில்வேனியாவில் வசந்தகால வான்கோழியைக் குரல் கொடுத்து வரவழைத்து மட்டுமே சுடலாம். தேடிப்போய்ச் சுடுவது குற்றம். அதைவிட முக்கியம், நீங்கள் நெருங்கும் அந்தப் ‘பெட்டைக் குரல்’ இன்னொரு வேட்டைக்காரருடையதாக இருக்கலாம். சிவப்பு, வெள்ளை, நீலம் எதுவும் உடலில் வேண்டாம். அவை சேவல் தலையின் நிறங்கள். தோளைவிட அகலமான மரத்தில் சாய்ந்து உட்காருங்கள். யாராவது வருவது தெரிந்தால் கையை ஆட்டாமல் உரக்கக் கூப்பிடுங்கள்.

சுடுமுன் மார்பில் தொங்கும் தாடி தெரிய வேண்டும், அதுதான் விதி. ஆனால் சில பெட்டைகளுக்கும் தாடி உண்டு. சட்டப்படி அதைச் சுடலாம் என்றாலும், அது அடையில் இருக்கும் தாயாக இருந்தால் ஒரு கூட்டமே போய்விடும். தயவுசெய்து மார்பு இறகையும் பாருங்கள்: சேவலுக்கு நுனி கறுப்பு, பெட்டைக்கு வெளிர் பழுப்பு. காலடியிலிருந்து பெட்டை எழுந்து ஓடினால் கூட்டைத் தேடாமல் உடனே விலகிவிடுங்கள். இலை வழியாகச் சுட வேண்டாம், ரவை சிதறும். குறுக்கே எதுவும் இல்லாமல், 40 கெஜத்துக்குள் வந்தால் மட்டும் சுடுங்கள்.

கடைசியாக உண்ணி. லைம் நோய் பரப்பும் சின்ன உண்ணிகளுக்கு மே, ஜூன் கொண்டாட்டக் காலம். முந்தின நாளே உடையில் பெர்மெத்ரின் என்ற உண்ணிக்கொல்லி மருந்தை அடித்துக் காயவையுங்கள். வீடு திரும்பியதும் துணியை டிரையரில் அதிகச் சூட்டில் 10 நிமிடம் ஓட்டுங்கள். முழங்கால் மடிப்பு, அக்குள், காதுக்குப் பின்னால் எல்லாம் தடவிப் பாருங்கள்.