சீனியா சாய்கிறது, பெற்றூனியா முளைக்கவே இல்லை

கேள்வி: முற்றத்தில் பூப்பாத்தி போட ஐப்பசி தொடக்கத்தில் சீனியாவும் பெற்றூனியாவும் விதைத்தேன். தட்டில் செம்மண்ணும் மாட்டெருவும் கலந்து, அரை அங்குல ஆழத்தில் போட்டு, காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினேன். சீனியா முளைத்து நாலாம் நாளே சாய்ந்துவிட்டது. பெற்றூனியா ஒன்றுகூட வரவில்லை. விதை பழுதா? - கோப்பாய் வாசகி

பதில்: விதையைக் குறை சொல்ல வேண்டாம். சாய்ந்த சீனியாவில் ஒன்றைப் பிடுங்கிப் பாருங்கள். மண்மட்டத்தில் தண்டு நீர்கோத்துக் கறுத்து, நூலாக மெலிந்திருந்தால் அது நாற்றழுகல். மேலே வித்திலை, அதாவது முதலில் விரியும் சோடி இலை, பச்சையாகவே இருக்கும். மண்ணிலுள்ள பங்கசு, அதாவது பூஞ்சணம், செய்கிற வேலை இது. மாரி ஈரத்தோடு, மக்காத எருவும் மாலைத் தண்ணீரும் சேர்ந்தால் அதற்குக் கொண்டாட்டம்தான். அதைக் கொல்லத்தான் மிளகாய் நாற்றுமேடையில் விதைக்குமுன் வைக்கோலும் உமியும் அடுக்கி எரிப்பார்களே, பூப்பாத்திக்கும் அது நல்லது. தட்டு என்றால் தும்புத்தூள், மணல், நன்றாக மக்கிய கூட்டெரு போதும். தண்ணீர் காலையில் மட்டும், மேல்மண் காய்ந்தால் மட்டும்.

உண்மையில் சீனியாவுக்குத் தட்டே வேண்டாம். வேரைக் கிளப்பினால் அது வாடும். கடும் மழை ஓய்ந்ததும், மார்கழிக் கடைசியில், பாத்தியிலேயே கால் அங்குல ஆழத்தில் ஊன்றுங்கள். ஒரு கிழமைக்குள் முளைக்கும், இரண்டு மாதமளவில் பூக்கும். காசித்தும்பையும் அப்படித்தான்.

பெற்றூனியா வேறு சாதி. விதை தூள் மாதிரி, முளைக்க வெளிச்சம் வேண்டும். அரை அங்குலம் புதைத்தால் எப்படி வரும்? உலர்ந்த மணலோடு கலந்து மேலாகத் தூவி, உள்ளங்கையால் மெல்ல அழுத்தினால் சரி, மூட வேண்டாம். மேலிருந்து ஊற்றினால் விதை ஓடிவிடும். அடியில் துளையுள்ள தட்டைத் தண்ணீரில் வைத்து ஈரம் ஏறியதும் எடுங்கள். மேலே பொலித்தீன் போட்டு, வெயில் நேரே படாத வெளிச்சத்தில் வையுங்கள். முளை கண்டதும் பொலித்தீனை எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் மறுபடி அழுகல்தான். இப்போதே திரும்ப விதைத்தால் தை, மாசியில் பூ பார்க்கலாம். நாலைந்து சோடி இலை வந்ததும் நுனியைக் கிள்ளுங்கள், மனம் வராதுதான், ஆனால் கிளை அப்போதுதான் வெடிக்கும்.

அப்புறம் தண்ணீர். நம்முடைய யாழ்ப்பாணக் கிணறுகள் சுண்ணாம்புக்கல்லில் வெட்டியவை. அந்தத் தண்ணீரையே தொடர்ந்து ஊற்றினால் பெற்றூனியாவின் இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கக்கூடும். அது இரும்புச்சத்தை எடுக்க முடியாத குறை. இந்த மாரியில் கூரைத் தண்ணீரை ஒரு பீப்பாவில் பிடித்து மூடி வையுங்கள், நுளம்பு முட்டையிடாமல்.